கொல்கத்தாவைக் காதாலும் மூக்காலும் பார்க்க வழி சொல்லுங்கள்

உடன்குடியான் | ஜனவரி 3, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்துப் போட்டுக் கொல்கத்தா போகிறேன். முதல் முறை. ஹவுரா பாலம், விக்டோரியா நினைவு மண்டபம், தட்சிணேஸ்வரம் என்று பட்டியல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதைக் கேட்க வரவில்லை.

போன வருடம் ஜெய்ப்பூர் போனேன். ஆயிரத்துச் சொச்சம் படம் எடுத்தேன். திரும்பி வந்ததும் ஆச்சி கேட்டாள்: "அந்த ஊரு என்ன வாடை அடிக்கும்?" ஆச்சி ஐம்பது வருடம் கருப்பட்டி காய்ச்சியவள். பதநீர் கொதிக்கிற மணத்தை வைத்தே அடுத்த அறையில் இருந்து பதம் சொல்லிவிடுவாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏதோ மசாலா வாடை என்று மழுப்பினேன். "அது இங்கயே இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இந்த முறை அப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது. அங்கே எதைக் கேட்க வேண்டும், எதை மோந்து பார்க்க வேண்டும், எதைத் தொட வேண்டும்? போனவர்கள், இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

சும்மா இரு | ஜனவரி 3, இரவு 9:58

பொங்கலுக்கு வீட்டில் இல்லாமல் மோப்பம் பிடிக்கப் போகிறீர்களா? அதற்குக் காவல்துறையில் தனிப் பிரிவே இருக்கிறது, முயற்சி செய்யலாம்.

சரி, உருப்படியாக ஒன்று. விமான நிலையத்தில் இருந்து பைபாஸ் வழியாகத் தெற்கே போனால், சயின்ஸ் சிட்டிக்கு முன்னாலேயே தாபா குப்பைமேட்டுக் காற்று வந்து வரவேற்கும். ஆச்சிக்கு அதைச் சொல்லுங்கள்.

---

ஹூக்ளிக்கரை | ஜனவரி 4, காலை 7:15

பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறேன். தம்பிக்கு முதலில் ஒரு எச்சரிக்கை: மூக்கு சீக்கிரம் பழகிவிடும். எந்த வாடையும் சில நிமிடத்தில் காணாமல் போகும், ஒரு வாரம் போனால் ஊரே மணக்காது. எனக்கு இப்போது கொல்கத்தா மணப்பதே கிடையாது. சென்னை போய்விட்டு வண்டியில் திரும்பி இறங்கும்போது ஒரு கால் மணி நேரம் மட்டும் திரும்பக் கிடைக்கும். ஆகவே முதல் நாளை வீணாக்காதே. அறைக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று நினைக்காமல் ஹவுராவில் இறங்கிய கையோடு நட.

அந்தக் கால் மணி நேரத்தில் முதலில் வருவது கடுகெண்ணெய். காலையிலேயே எங்கோ கச்சோரி பொரிந்துகொண்டிருக்கும். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பழகிய மூக்கில் அது சுள்ளென்று ஏறும். அதன் அடியில் நிலக்கரிப் புகை, ஆற்றுச் சேறு, ஈரச் சணல் மூட்டை. ஜனவரியில் பனிமூட்டம் இதையெல்லாம் மேலே போகவிடாமல் தரையோடு அமுக்கி வைத்திருக்கும். காற்றுக்கு நல்லதில்லை, மாஸ்க் எடுத்து வா. ஆனால் நீ கேட்டது அதுதான்.

அப்புறம் சத்தம். டிராம் ஓடும் வரை ஏறிவிடு. 1873-இல் குதிரை இழுத்து ஆரம்பித்தது, 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. 2024 செப்டம்பரில், மைதானம் பக்கம் ஒரு தடத்தை மட்டும் நினைவுக்காக வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப் போவதாக அரசு அறிவித்தது. மிச்சம் இருப்பது மிகக் கொஞ்சம். ஓட்டுநர் காலால் ஒரு மிதியை மிதித்தால் அடியில் மணி அடிக்கும்: டங், டங், டங். கோயில் மணி மாதிரி நீளாது. தட்டை ஓட்டில் தட்டியது போல உடனே அடங்கிவிடும். வளைவில் சக்கரம் கீச்சிடும்போது பல் கூசும்.

தனியார் பேருந்தில் நடத்துநர் தகரத்தில் உள்ளங்கையால் அறைந்துதான் வண்டியை நிறுத்துவார், கிளப்புவார். பெண்கள் இறங்கும்போது "ஆஸ்தே, லேடீஸ்!" என்று கத்துவார். மெதுவாக, பெண்கள் இறங்குகிறார்கள் என்று பொருள். நான் வங்காளியில் கற்ற முதல் வாக்கியம் அது, என்னைப் பற்றியதாகவே இருந்தது. எதிரே வருபவரை எல்லாம் "தாதா" என்று கூப்பிடுவார்கள், பயப்படாதே. அண்ணன் என்றுதான் அர்த்தம்.

லேக் மார்க்கெட் பக்கம் மட்டும் போகாதே. அங்கே குண்டுமல்லியும் ஃபில்டர் காபியும் மணக்கும், தமிழ் கேட்கும். நான் வீட்டு ஞாபகம் வரும்போது போகிற இடம். ஐந்து நாளுக்கு வருகிறவனுக்கு எதற்கு?

---

வெள்ளைக்கோல் | ஜனவரி 4, மதியம் 1:22

தலைப்பைப் படித்ததும் (என் போன் படித்துக் காட்டியதும்) சிரித்துவிட்டேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வேலை விஷயமாகக் கொல்கத்தாவில் எட்டு மாதம் இருந்தேன். உங்களுக்குப் புது அனுபவமாகத் தெரிவது எனக்கு வழி கண்டுபிடிக்கிற கருவி. அதனால் என் குறிப்புகள் கொஞ்சம் வறண்டு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்க்கலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அந்த ஊர் நடைபாதையில் கடைக்காரர்கள் கட்டிய தார்ப்பாய்க் கயிறு சரியாகக் கழுத்து உயரத்தில் இருக்கும். என் கோல் கீழே தேடும், கயிறு மேலே வெட்டும். இரண்டு முறை பட்டிருக்கிறேன்.

எனக்கு அந்த ஊரைப் பிரித்துக் கொடுத்தது கடை வரிசை. காலேஜ் தெருவில் நுழைந்தால் தெரியும்: பழைய தாளும் பசையும் கலந்த வாடை, பூச்சி உருண்டை, இரண்டு பக்கமும் "என்ன புத்தகம் வேணும் தாதா" என்ற விசாரணை. புத்தகம் அடுக்கிய இடத்தில் சத்தம் எதிரொலிக்காது, தாள் அதை உறிஞ்சிக்கொள்ளும். அங்கேயே ஆல்பர்ட் ஹால் படியேறிக் காபி ஹவுஸுக்குள் போனால் நேர் எதிர். உயரமான கூரை. நூறு பேர் பேச்சும் மேலே போய், மின்விசிறியில் அரைபட்டு, ஒரே இரைச்சலாகத் திரும்பி வரும். அதில் ஒரு சொல்கூடப் புரியாது, ஆனால் யாரும் தாழ்ந்த குரலில் பேசவில்லை என்பது மட்டும் புரியும். பால் சேர்க்காத காபிக்கு அங்கே "இன்ஃப்யூஷன்" என்று பெயர். காபி சுமார்தான். காபிக்காக யாரும் வருவதாகத் தெரியவில்லை.

கூட்டத்தில் வழி கேட்பவர்கள் "தேகி, தேகி" என்பார்கள். "பார்க்கிறேன், பார்க்கிறேன்" என்று அர்த்தம். கொஞ்சம் விலகுங்கள் என்பதற்கு அப்படி ஒரு பேச்சு வழக்கு. எனக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு குறும்பு.

ஒரே ஒரு இடத்தில் ஏமாந்தேன். 2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ திறந்தார்கள். நம் நாட்டில் ஆற்றுக்குக் கீழே ஓடும் முதல் மெட்ரோ. அரை கிலோமீட்டர் அகலத்தை முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும். ஹூக்ளி தலைக்கு மேல் ஓடுகிறது, ஏதாவது தெரியும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. சுரங்கச் சத்தம் ஒரு துளி மாறவில்லை. பக்கத்தில் எல்லாரும் "ஓ" என்றார்கள். என்ன என்று கேட்டால், சுவரில் நீல விளக்கு போட்டிருக்கிறார்களாம்.

படகில் போங்கள். ஹவுரா துறையில் ஏறி பாபுகாட்டில் இறங்குங்கள். இரும்புப் பாலத்தில் காலடி மாறுவது, டயரில் படகு மோதி நசுங்கும் சத்தம், கயிறு வந்து விழும் சத்தம், இன்ஜின் சுருதி இறங்குவது. கரை வந்ததைக் கண் இல்லாமலே நான்கு முறை சொல்லிவிடும்.

---

கரிசல் மண் | ஜனவரி 4, மாலை 6:05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த இழை போகிற போக்கில் அடுத்து யாராவது கைரிக்ஷா மணியைப் பற்றிக் கவிதை எழுதப் போகிறார்கள். அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: ஒரு மனிதன் இன்னொரு மனிதனை வைத்து இழுக்கிற சத்தம் அது. 2006-இல் அதை ஒழிக்கச் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்து, அது நீதிமன்றத்தில் நின்றுபோனது. நகரத்தை "உணர" வருகிறவர்களுக்கு ஏழையின் வியர்வையும் ஒரு வாசனைத் திரவியமா?

---

ஹூக்ளிக்கரை | ஜனவரி 4, இரவு 8:30

கரிசல் சார், நியாயம்தான். ஆனால் அந்த மணியை வேண்டுமென்றே கேட்காமல் விடுவதால் இழுப்பவருக்கு என்ன லாபம்? இங்கே மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவது அவர்கள்தான், அப்போது வேறு வண்டி எதுவும் வராது. விரலில் ஒரு சிறு மணியை மாட்டிக்கொண்டு ஏர்க்கால் மரத்தில் தட்டுவார்: டுன், டுன். ஏறுவதா வேண்டாமா என்று பதினான்கு வருடமாக எனக்கே முடிவு வரவில்லை. ஏறினால் கூச்சம், ஏறாவிட்டால் அவருக்கு அன்றைய வரும்படியில் அடி.

---

கரிசல் மண் | ஜனவரி 4, இரவு 8:47

அந்த முடிவு வராததைச் சொன்னீர்களே, அது போதும் எனக்கு.

---

உடன்குடியான் | ஜனவரி 12, காலை 6:50

வந்துவிட்டேன். போனிலிருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சொன்னபடி இறங்கிய கையோடு நடந்தேன். இன்னும் சரியாக விடியவில்லை. பாலத்தின் ஹவுரா முனையில் நின்று மூச்சை இழுத்து, சரி, கடுகெண்ணெய் வருகிறதா என்று கண்ணை மூடினேன். வெள்ளைக்கோல் சார் எச்சரித்தும் மூடினேன். மூன்று விநாடி இருக்கும். தலையில் மூட்டையோடு ஒருவர் "தேகி தேகி" என்றபடி என் தோளில் இடித்து, என்னை அப்படியே சுற்றிவிட்டுப் போய்விட்டார். கண்ணைத் திறந்தால் எந்தப் பக்கம் ஊர் என்று தெரியவில்லை.

இப்போது டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். மண் குவளை. இங்கே அதற்கு "பார்" என்று பெயர், நம் ஊர் பார் இல்லை. உதடு வைத்ததும் குவளை உதட்டைப் பிடித்து உறிஞ்சுகிறது. காய்ந்த மண் அல்லவா, ஈரத்துக்கு ஏங்குகிறது. முதல் மடக்கில் டீயை விட மண்தான் அதிகம்: கோடையில் முதல் தூறல் விழுந்த தேரிக்காடு. குடித்ததும் கீழே போட்டு உடைக்க வேண்டுமாம். கை வரவில்லை. இரண்டு குவளையைப் பையில் போட்டுக்கொண்டேன்.

---

சும்மா இரு | ஜனவரி 12, காலை 7:20

ஐந்து நாளில் முப்பது டீ. திரும்பும்போது மண்பாண்டக் கடையே வைக்கலாம்.

---

உடன்குடியான் | ஜனவரி 13, இரவு 10:10

இன்றைக்கு இரண்டு விஷயம்.

காலை பாலத்தடியில் மல்லிக்காட் பூச்சந்தை. கோயம்பேட்டுக்குப் போயிருக்கிறேன், அது மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இங்கே மல்லிகை மணம் மேலே நிற்கவில்லை. சாமந்திதான் ஆட்சி. ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பெரிய பெரிய பொதியாகக் கட்டி ஆள் தலையில் ஏற்றுகிறார்கள். கசப்பான பச்சிலை வாடை, இடையிடையே நிலசம்பங்கி. கீழே மிதிபட்டு அழுகிய பூ ஒரு சாண் சேறாகக் கிடக்கிறது, செருப்பு வழுக்குகிறது. காளிக்குச் செம்பருத்தி மாலை. அது மணக்கவே இல்லை, ஆனால் கையில் எடுத்தால் தண்ணீரில் நனைத்த பட்டு மாதிரிக் குளிர்ந்திருந்தது.

மாலை வடக்கே ஒரு சந்தில் போய்க்கொண்டிருந்தபோது சங்கு ஊதினார்கள். மூன்று முறை. பின்னாலேயே ஒரு பெண் குரல், அப்புறம் இன்னும் சில: உலுலுலுலு. நின்றுவிட்டேன். குலவை! எங்கள் ஊர் அம்மன் கொடையில் பொங்கல் பொங்கும்போது இடுகிற அதே குலவை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் தாண்டி, யாரோ வீட்டு மாடியில். அந்நிய ஊரை உணர வந்தவனுக்கு உடம்பு புல்லரித்தது சொந்த ஊர்ச் சத்தத்துக்கு.

---

ஹூக்ளிக்கரை | ஜனவரி 13, இரவு 10:41

நீ அக்டோபரில் வந்திருந்தால் இன்னும் இரண்டு கிடைத்திருக்கும். துர்கா பூஜை சமயத்தில் விடியற்காலையில் கீழே உதிர்ந்து கிடக்கிற ஷிஉலிப் பூ. நம் பவளமல்லி. ராத்திரி ஆரத்தியில் மண் தூபக்காலில் தேங்காய் நார் போட்டு, மேலே "தூனோ" தூவுவார்கள். அது குங்கிலியம். டாக் மேளமும் அந்தப் புகையும் சேர்ந்தால் கண்ணில் தண்ணீர் வரும். பக்தியா புகையா என்று என் மாமியாருக்கும் எனக்கும் வருடா வருடம் சண்டை.

நாளை குமார்துலி போ. இங்கே சரஸ்வதி பூஜை இந்தச் சமயத்தில்தான் வரும், சின்னச் சின்னச் சிலைகளுக்கு மண் பூசிக்கொண்டிருப்பார்கள். ஈர வைக்கோலும் ஆற்று மண்ணும். அனுமதி கேட்டுவிட்டு ஒரு உருண்டை களிமண்ணைக் கையில் வாங்கிப் பிசைந்து பார்.

---

சமையல்கட்டு | ஜனவரி 14, காலை 11:00

பொங்கல் வாழ்த்துகள். இழையை இன்றுதான் பார்த்தேன். கடுகைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாதது குறை.

நமக்குக் கடுகு ஒரு சத்தம். எண்ணெய் காய்ந்ததா என்று சொல்லும், வெடித்தால் அடுத்தது போடலாம். ருசி இரண்டாம் பட்சம். வங்காளிக்குக் கடுகு ஒரு காரம். காரணம் எளிது: கடுகின் நெடி விதைக்குள் தயாராக இல்லை. விதையை உடைத்துத் தண்ணீர் சேர்க்கும்போதுதான் உள்ளே இருக்கிற நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. கொதிக்கும் எண்ணெயில் முழுசாகப் போட்டால் நொதி அழிந்துவிடும், நெடி வராது, முந்திரி போன்ற ஒரு மணம் மட்டும் மிஞ்சும். அவர்கள் பச்சையாக அரைக்கிறார்கள். அதனால்தான் கசுந்தி என்கிற கடுகுத் தொக்கை நாக்கில் வைத்தால் மூக்கு வழியாக மண்டைக்குப் போகிறது. மிளகாய் நாக்கில் நிற்கும், நேரமாகும் தணிய. கடுகு ஏறிய வேகத்தில் இறங்கிவிடும்.

அதிகம் அரைத்தால் கசக்கும் என்பதால் உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைப்பார்கள். தம்பி, இலிஷ் மீன் கிடைத்தால் கடுகு போட்டுச் சாப்பிடுங்கள். நம் பக்கம் உல்லம் என்பார்களே, அதே மீன். மழைக்காலத்து மீன்தான் மீன், ஜனவரியில் கிடைப்பது பெரும்பாலும் ஐஸில் கிடந்தது. முள்ளைக் கண் கண்டுபிடிக்காது. விரல்தான் கண்டுபிடிக்கும், ஸ்பூனை ஒதுக்கிவிடுங்கள்.

---

உடன்குடியான் | ஜனவரி 19, இரவு 9:15

ஊர் வந்து சேர்ந்தேன். நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

டிராம் ஏறினேன். மரப் பெஞ்சு, ஜன்னலில் கண்ணாடி ஆடுகிறது. நடந்து போகிறவர் எங்களை முந்திக்கொண்டு போனார். வளைவில் பல் கூசியது, அக்கா சொன்னது சரி. ஆனால் யாரும் சொல்லாத ஒன்று: டிராம் நிற்கும்போது ஒரு விநாடி சுத்தமாகச் சத்தம் இல்லாமல் போகிறது. இன்ஜின் உறுமல் கிடையாது. அந்த விநாடியில் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் செய்தித்தாள் புரட்டியது கேட்டது.

இலிஷ் சாப்பிட்டேன். ஒரு முள் தொண்டையில் மாட்டியது. பரிமாறியவர் ஒன்றும் சொல்லாமல் வெறும் சோற்று உருண்டை ஒன்றை உருட்டிக் கையில் கொடுத்தார். எங்கள் வீட்டிலும் அதே வைத்தியம்தான்.

பொங்கலன்று தங்கியிருந்த வீட்டில் "பிட்டே" கொடுத்தார்கள். பெயர் நம் பிட்டு மாதிரி இருந்தாலும் சாப்பிட்டால் கொழுக்கட்டை. அரிசி மாவுக்குள் தேங்காய்ப் பூவும் நொலென் குர்ரும். அதுதான் குளிர்காலத்தில் மட்டும் வருகிற ஈச்ச வெல்லம். அன்றைக்கு பாபுகாட் பக்கம் கங்காசாகர் போகிற சாமியார்கள் கூடாரம், விறகுப் புகையும் கஞ்சாப் புகையும். படம் எடுக்கவில்லை. துணிச்சல் இல்லை என்பதுதான் உண்மை.

நீல விளக்கைப் பார்த்தேன். வெள்ளைக்கோல் சார், ஒன்றும் பிரமாதமில்லை, மீன் கண்காட்சி மாதிரி இருந்தது.

ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன். மண் குவளை ஒன்றையும் நொலென் குர் ஒரு கட்டியையும் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். (இன்னொரு குவளை வண்டியிலேயே உடைந்துவிட்டது.) குவளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெல்லத்தை உடைத்து மோந்தாள். "பனை இல்ல. ஈச்சமா?" என்றாள். எனக்குக் கண் விரிந்துவிட்டது. கொஞ்சம் வாயில் போட்டாள். "காய்ச்சினவன் அடுப்ப மூடாம வச்சிருக்கான், புகை ஏறிப்போச்சு. மணம் உண்டு, உறைப்பு இல்ல." அவ்வளவுதான். அந்தப் புகை மணத்துக்காகத்தான் கொல்கத்தாவே உருகுகிறது என்று சொன்னேன். "உருகட்டும்" என்றாள்.

---

சும்மா இரு | ஜனவரி 19, இரவு 9:32

ஆச்சிக்குத் தனி இழை தொடங்குங்கள். நான் முதல் உறுப்பினர்.

---

வெள்ளைக்கோல் | ஜனவரி 20, காலை 8:05

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்க வேண்டும். பாலத்தின் நடுவில் நின்றீர்களா? அதன் தளம் மேலே இருக்கிற இரும்பில் இருந்து தொங்குகிறது. 1943-இல் திறந்தபோது நட்டு போல்ட்டு இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியது. ஒரு பேருந்து கடந்தால் உள்ளங்காலில் நடுங்கும். இரண்டு பேருந்து எதிரெதிரே வந்தால் நடுக்கம் முழங்கால் வரை ஏறும். கைப்பிடிக் கம்பியில் கை வைத்தால் அங்கே வேறு தாளம். நான் சாயங்காலம் அதற்காகவே போய் நிற்பேன். உங்கள் பதிவில் அது வரவில்லையே, நடுங்கியதா?

---

உடன்குடியான் | ஜனவரி 20, காலை 8:41

நின்றேன் சார். இருபது நிமிடம் இருக்கும். கவனிக்கவில்லை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.